வந்ததா என்று கேட்க வேண்டாம்

செங்கல்பட்டில் தொடங்கி பீச் ஸ்டேஷன் வரைக்கும் மின்சார ரயில் ஓடுகிற அந்தத் தடம் நெடுக, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றும், அது தன்னுடைய மெயில் சர்வர் என்றும் ஜெர்சன் சொல்வான். சிரிக்காமல் சொல்வான். ரயில் தாமதமாகும். தண்ணீர் லாரி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராது. மழை வந்தால் முடிச்சூர் மிதக்கும். சர்வர் மட்டும் நிற்கும்.

"யூனிக்ஸ் சிஸ்டம் மச்சான் இது. குடுத்த லெட்டரைக் கொண்டுபோய்ச் சேக்கும். சேக்க முடியலைன்னா, முடியலைன்னு சொல்லும். மனுஷங்க இது ரெண்டுல ஒண்ணாவது பண்ணுவாங்களா?" என்று கேன்டீனில் கேட்பான். கேட்டவர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள். பஜ்ஜி ஆறிவிடும் என்பது ஒரு காரணம்.

கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு கல்லூரியில் அவன் சிஸ்டம் அட்மின். மாடிப்படிக்கு அடியில், முன்பு வேதியியல் துறை அமிலக் குடுவைகளை அடுக்கி வைத்திருந்த அறைதான் சர்வர் அறை. சர்வருக்காக ஏசி ஓடியது. மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே தாம்பரத்துக்காரன் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

அவனுக்கு ஆத்திரம் வருவது ஒரே ஒரு விஷயத்தில். மெயில் அனுப்பிவிட்டு, போன் போட்டு, "மெயில் வந்துச்சா?" என்று கேட்பார்கள். ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் அமலராணி இதில் முதலிடம். மெயிலை அனுப்புவார், இன்டர்காமில் கேட்பார், இன்டர்காமை எடுக்காவிட்டால் நடந்தே வந்துவிடுவார். பிரின்சிபால் ஏசுதாசன் அவரையும் மிஞ்சியவர். மெயில் அனுப்பி, போனில் சொல்லி, அதையே பிரின்ட் எடுத்து அட்டெண்டர் கையில் கொடுத்தும் அனுப்புவார்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு அமலராணியின் குரலில் "வந்துச்சாப்பா?" என்று ஜெர்சன் கேட்டுக் காட்டினால் கேன்டீன் முழுக்கச் சிரிக்கும். பிப்ரவரியில் ஒரு நாள் இதற்கு ஒரு முடிவு கட்டினான். முதலில் எல்லாத் துறைகளிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டினான்: மெயில் அனுப்பிய பின் வந்ததா என்று போனில் கேட்பது சர்வரை அவமதிப்பதாகும். அப்புறம், கல்லூரிக்கு வருகிற ஒவ்வொரு மெயிலுக்கும், யார் அனுப்பியிருந்தாலும், சர்வரே ஒரு பதில் போடும்படி செய்தான்: "உங்கள் மடல் வந்து சேர்ந்தது. வந்ததா என்று போனில் கேட்க வேண்டாம். கேட்பது கற்காலம். – போஸ்ட்மாஸ்டர்."

அன்றிலிருந்து போன் அடிப்பது குறைந்தது. சர்வர் ஒழுங்காக ஓடியது. ஒழுங்காக ஓடுவதை அடிக்கடி எட்டிப்பார்ப்பதும் அவமதிப்புதான் என்பதால், எது போனது, எது திரும்பியது என்று அது குறித்துவைக்கும் லாக் என்ற பதிவேட்டை ஜெர்சன் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மதியம் இரண்டு மணிக்குக் கதவு தட்டாமல் திறந்தது. இயற்பியல் துறையின் கௌரவ விரிவுரையாளர் மாளவிகா நின்றிருந்தார். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு அமலராணி.

"ஜெர்சன், என் சர்டிஃபிகேட் எங்க?"

"எந்த சர்டிஃபிகேட் மேடம்?"

ஆறு வருடமாக அவர் அங்கே வகுப்பெடுத்தவர். ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பித்த ஒப்பந்தத்தை இந்த ஜூனில் புதுப்பிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். நாவலூரில் ஒரு கல்வி நிறுவனத்தில் இன்டர்வியூவுக்குப் போனார். வேலை கிடைத்தது. ஆறு வருட அனுபவச் சான்றிதழ், கல்லூரியின் சொந்த மெயில் முகவரியிலிருந்து நேராக வர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அதற்குக் கெடு, வெள்ளி மாலை நான்கு மணி.

"இப்பத்தான் அந்த ஹெச்ஆர் சூர்யநாராயணன் கூப்பிட்டாரு. உங்க காலேஜ்லேர்ந்து ஒண்ணும் வரலை மேடம், நாலு மணிக்கு அடுத்த ஆளைக் கூப்பிடப் போறோம்ங்கறாரு."

"நான் திங்கக்கிழமையே போட்டேன் ஜெர்சன்," என்றார் அமலராணி. "காலைல பதினொண்ணு இருபதுக்கு. சத்தியமாப் போட்டேன்."

"அப்ப போயிருக்கும்," என்றான் ஜெர்சன். "அவங்க பக்கம்தான் ஏதோ கோளாறு. நம்ம பக்கம் பிரச்சினையே கிடையாது."

"பாக்காமலே எப்படித் தெரியும்?"

"தெரியும் மேடம்."

"பாத்துட்டுச் சொல்லுங்க." மாளவிகா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அவர்கள் முகத்தில் கரி பூச வேண்டும் என்பதற்காகவே லாக்கைத் திறந்தான். திங்கள், பதினொன்று இருபது. கடிதம் கிளம்பியிருந்தது. நாவலூர் சர்வரின் பதில் அதற்கு நேர் கீழே இருந்தது: வாங்க முடியாது, உங்கள் சர்வரின் முகவரி குப்பை மெயில்காரர்களின் கறுப்புப் பட்டியலில் இருக்கிறது.

அதற்குக் கீழே இன்னொரு மறுப்பு. அதற்குக் கீழே இன்னொன்று. விரலை எடுக்காமல் ஸ்க்ரோல் செய்துகொண்டே போனான். வாசலில் காத்திருக்கும் கடிதங்கள் எத்தனை என்று சர்வரைக் கேட்டான். ஆறாயிரத்து இருநூற்றுப் பதினாலு என்றது.

"யாரோ நம்ம சர்வர்லேர்ந்து குப்பை மெயில் அனுப்பறாங்க," என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினான். இப்போது அவனுக்குக் கோபம் வந்திருந்தது. அதற்கு ஒரு ஆளும் எதிரிலேயே நின்றிருந்தார். "மேடம், உங்க பாஸ்வேர்டை யாருக்குக் குடுத்தீங்க?"

"நானா?"

"மானிட்டர்ல மஞ்சள் சீட்டுல எழுதி ஒட்டி வெச்சிருக்கீங்களே! எவனோ பாத்துட்டு உலகத்துக்கே மெயில் போட்டுட்டு இருக்கான். எத்தனை தடவை சொன்னேன்? படிச்சவங்கதானே நீங்கள்லாம்?"

"தம்பி, வார்த்தைய அளந்து பேசு. உங்க அம்மா வயசு எனக்கு."

"வயசுக்கும் பாஸ்வேர்டுக்கும் என்ன மேடம் சம்பந்தம்? இதோ காட்டறேன், நீங்களே பாருங்க, உங்க பேர்ல என்ன போயிருக்குன்னு."

காத்திருந்ததில் ஒன்றைத் திறந்தான். போர்ச்சுகலில் யாரோ ஒருவருக்குப் போக வேண்டிய கடிதம் அது. அமலராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிற அதே குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"உங்கள் மடல் வந்து சேர்ந்தது. வந்ததா என்று போனில் கேட்க வேண்டாம். கேட்பது கற்காலம். போஸ்ட்மாஸ்டர்."

ஜெர்சன் அந்தக் கடிதத்தைச் சட்டென்று மூடினான்.

அடுத்ததைத் திறந்தான். அதே கற்காலம், பிரேசிலுக்கு. அடுத்தது போலந்துக்கு.

நடந்தது என்னவென்று அவனுக்கு ஒரே நொடியில் புரிந்தது. அதுதான் கொடுமை. வேறு யாராவது செய்திருந்தால் அரை மணி நேரம் அவர்களைக் கிழித்திருப்பான். கல்லூரிக்குத் தினமும் ஆயிரக்கணக்கில் குப்பை மெயில் வருகிறது. அனுப்புகிறவன் தன் பெயரைப் போட மாட்டான், யாரோ ஒரு அப்பாவியின் முகவரியைப் போடுவான். ஜெர்சனின் சர்வர் மூன்று மாதமாக அந்த அப்பாவிகள் ஒவ்வொருவருக்கும் மரியாதையாகப் பதில் போட்டு, போன் பண்ணாதே என்று தமிழில் மிரட்டியிருக்கிறது. அவர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள்; திங்கள் காலை கல்லூரி சர்வரின் முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது.

"திரும்பி வந்த லெட்டர் உங்களுக்குக் கிடைச்சிருக்குமே மேடம்," என்றான் அமலராணியிடம். குரல் ஒரு படி இறங்கியிருந்தது. "போகலைன்னா போகலைன்னு சர்வர் சொல்லும். திங்கக்கிழமையே சொல்லியிருக்கு."

"சர்வர்லேர்ந்து வர்றதெல்லாம் உன் திமிர் லெட்டர்தானேப்பா? ஒரு நாளைக்கு அம்பது வருது. திறக்காமலே அழிச்சுடறேன். நான் மட்டுமில்ல, பிரின்சிபாலும் அப்படித்தான்."

"அழிக்கறதுக்கு முன்னாடி படிக்கணும்..."

"படிச்சா கற்காலம்னு திட்டற. யாரு படிப்பா?"

மாளவிகா ஒரு அடி முன்னால் வந்தார். "திங்கக்கிழமை மத்தியானமே அந்த சூர்யநாராயணனுக்குப் போன் பண்ணி வந்துச்சான்னு கேக்கலாம்னு நெனச்சேன். நம்பரைக்கூட அழுத்திட்டேன். ஸ்டாஃப் ரூம்ல எதிர்ல உங்க நோட்டீஸ். சரி, நாமளும் இப்படிப் பண்ணக் கூடாதுன்னு வெச்சுட்டேன்." கையிலிருந்த போனை மேஜை மீது வைத்தார். தட்டென்று சத்தம் வந்தது. "இந்தக் காலேஜ்ல நூத்தி எழுபது பேர் இருக்கோம். உங்க நோட்டீஸை மதிச்ச ஒரே ஆளு நான்தான் ஜெர்சன். எனக்குத்தான் வேலை போகுது."

மணி இரண்டு ஐம்பது.

"நேர்ல கொண்டுபோய்க் குடுத்துட்டா?" என்றார் அமலராணி.

"யார்கிட்ட குடுக்கறது? வெள்ளிக்கிழமை எல்லாரும் வீட்லேர்ந்து வேலையாம். நாவலூர் ஆபீஸ்ல வாட்ச்மேன்தான் இருக்காராம். அந்த ஹெச்ஆர் பள்ளிக்கரணைல வீட்ல உக்காந்திருக்காரு. திரும்பத் திரும்பக் கூப்பிடாதீங்க, வந்தா நாங்களே சொல்றோம்னு வேற சொல்லிட்டாரு."

ஜெர்சன் ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்தான். முதல் வேலையாகத் தன் தானியங்கிப் பதிலின் கழுத்தைத் திருகினான். ஆறாயிரத்துச் சொச்சம் கற்காலங்களையும் அழித்தான். கறுப்புப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டான். இருபத்து நான்கு மணி நேரம் ஆகும் என்று பதில் வந்தது. "இவனுங்க பேஜாரு," என்று மேஜையைக் குத்தினான். அந்தப் பட்டியல்காரர்கள் ரொம்ப நியாயமானவர்கள் என்பதுதான் அவனை இன்னும் எரிச்சல்படுத்தியது.

கல்லூரிக்கு இன்டர்நெட் கொடுத்தவர்கள், இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் எண் முகவரிகள் ஐந்து தந்திருந்தார்கள். அதில் ஒன்று, என்றோ வாங்கப்போகும் இன்னொரு சர்வருக்காகப் பெயரெல்லாம் பதிந்து, சும்மா கிடந்தது. வெளியே போகிற மெயில் இனி அந்த முகவரி வழியாகப் போகட்டும் என்று சர்வருக்கு எழுதினான். சேமித்தான். அமலராணி ஓடிப்போய்ச் சான்றிதழை மறுபடி அனுப்பினார்.

வாங்க முடியாது, கறுப்புப் பட்டியல்.

"யோவ்!" என்று சர்வரைப் பார்த்துக் கத்தினான்.

"என்ன ஆச்சு?" என்றார் மாளவிகா.

"ஒண்ணும் ஆகலை, சும்மா இருங்க மேடம்!"

"சும்மா இருந்துதான் இந்தக் கதிக்கு வந்திருக்கேன்!" இந்த முறை குரல் உயர்ந்தது. படியில் இறங்கிக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் எட்டிப்பார்த்துவிட்டு வேகமாகப் போனார்கள். "நாலு நாள் சும்மா இருந்தேன். என்ன ஆச்சுன்னு சொல்லுங்க!"

என்ன ஆச்சென்றால், மாற்றி எழுதியவன், எழுதியதைத் திரும்பப் படி என்று சர்வரிடம் சொல்ல மறந்துவிட்டான். முதல் வருட மாணவன் செய்கிற தப்பு. அதை அவரிடம் சொல்லவில்லை. படிக்கச் சொன்னான். அமலராணியை மறுபடி அனுப்பச் சொன்னான்.

மூன்று முப்பத்தொன்றுக்கு லாக்கில் அந்த வரி வந்தது. நாவலூர் சர்வர் கடிதத்தை வாங்கிக்கொண்டது.

"போயிடுச்சு," என்றான் ஜெர்சன்.

"வந்துச்சா?"

"போயிடுச்சு மேடம். அவங்க சர்வர் வாங்கிக்கிச்சு."

"போச்சான்னு நான் கேக்கலை. அவருக்கு வந்துச்சா?"

பதில் இருந்தது. போன வாரமாக இருந்தால் சொல்லியிருப்பான். வாங்கிக்கொண்டேன் என்று சர்வர் சொன்னால் அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது, அதற்கு மேல் கேட்பது... சொல்லாமல், லாக்கில் அந்த வரியை மறுபடி படித்தான்.

மாளவிகா போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் ஒன்று கல்லூரிக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தது. அமலராணி கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாற்பது. போன் அடிக்கவில்லை. நாற்பத்து மூன்று. அடிக்கவில்லை.

ஜெர்சன் பாத்ரூம் போகிறவன் மாதிரி எழுந்தான். சான்றிதழ் கேட்டு நாவலூரிலிருந்து கல்லூரிக்கு வந்திருந்த கடிதத்தின் அடியில் ஒரு நம்பர் இருந்தது, அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். ஜெனரேட்டருக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் போய் நின்று, வாயைக் கையால் மூடிக்கொண்டு கூப்பிட்டான்.

"ஹலோ?" பின்னணியில் மிக்ஸி ஓடியது.

"சூர்யநாராயணன் சாரா? தாம்பரத்துலேர்ந்து பேசறேன் சார். காலேஜ் சிஸ்டம் அட்மின்."

"சொல்லுங்க."

"ஒரு மெயில் போட்டிருக்கோம் சார்."

"ம்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்து ஓயும் வரைக்கும் ஜெர்சன் காத்திருந்தான்.

"வந்துச்சா சார்?"

"மெயில் போட்டா தன்னால வரப் போகுது. அதுக்கு எதுக்கு சார் போனு?" என்றார் சூர்யநாராயணன். "ஐடில இருக்கறவரு நீங்களே இப்படிப் பண்ணா எப்படி?"

அவருக்குச் சொல்ல ஜெர்சனிடம் எவ்வளவோ இருந்தது. "ஒரே ஒரு தடவை பாத்துருங்க சார்," என்றான்.

"இன்பாக்ஸ்ல ஒண்ணும் இல்லையே."

"ஸ்பேம்ல பாருங்க சார். ப்ளீஸ்."

மிக்ஸி நின்றது. "அட, இங்க இருக்கு. மாளவிகா, ஆறு வருஷம்... சரி சரி. இது போதும். அவங்களுக்கு நானே கூப்பிட்டுச் சொல்லிடறேன்."

அவன் திரும்பி வருவதற்குள் படிக்கட்டில் போன் அடித்தது. "ஆமா சார்... ஆமா... தேங்க்யூ சார்," என்று கேட்டது. மாளவிகா கதவருகே வந்து, "வந்துடுச்சாம்," என்று அமலராணியிடம் மட்டும் சொன்னார். ஜெர்சனை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இருந்ததாகச் சொல்ல முடியாது. அமலராணியின் தோளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஜெர்சன் கதவைச் சாத்தினான். நாலு நாளில் திரும்பி வந்த உண்மையான கடிதங்களைப் பொறுக்கி எடுத்தான். நாற்பத்தொன்று இருந்தன. எல்லாவற்றையும் புது முகவரி வழியாக மறுபடி அனுப்பினான். நாற்பத்தொன்றையும் அந்தந்த ஊர் சர்வர்கள் வாங்கிக்கொண்டன. லாக் தெளிவாகச் சொன்னது.

அவற்றைப் பெற வேண்டியவர்களின் போன் நம்பர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முதல் நம்பரை அழுத்தினான்.

"சார், வணக்கம்," என்றான் தணிந்த குரலில். "தாம்பரத்துலேர்ந்து பேசறேன். உங்களுக்கு ஒரு மெயில் போட்டிருக்கோம். வந்துச்சா சார்?"