மல்கியாவின் ஓய்வுநாள் பக்தி

மலையுச்சியில் கொம்பு அலறியது. குகை வாசலில் படுத்திருந்த மல்கியா துள்ளி எழுந்தான்.

"ராஜா படை ஏறி வருது!" என்று மேலிருந்து காவல்காரன் கத்தினான்.

மல்கியாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். இன்று ஓய்வுநாள், யூதர்கள் எந்த வேலையும் செய்யாத நாள். ஆயுதத்தைத் தொடக் கூடாது. மற்ற நாளெல்லாம் ராஜாவை எதிர்க்கும் கலகக்காரர்களோடு பயந்து பயந்து திரிகிறவன், இன்று ஒரு நாள் மட்டும் சட்டப்படி கோழையாக இருக்கலாம். அதனாலேயே ஓய்வுநாளை அவனளவு கெடுபிடியாக அனுசரித்தவர் யூதேயா மலைகளில் யாருமில்லை. சுள்ளி பொறுக்கியவனைக்கூட ஊர் கேட்கத் திட்டியிருக்கிறான். 'பரம பக்தன்' என்று பெயர் வந்தது. சும்மா வந்த பெயரை மறுப்பானேன்?

தலைவன் எல்நாத்தான் ஓடி வந்தான். "என்னய்யா செய்யலாம்? பக்கத்துக் குகையில நம்ம ஜனங்க ஓய்வுநாள்னு ஒரு கல்லைக்கூட எடுக்காம செத்தாங்களே!"

"சட்டம் சட்டம்தான், அண்ணே." மல்கியா கண்களை வானத்துக்கு உயர்த்தினான். நடிப்பு அவனுக்கே பிடித்திருந்தது.

குகைக்குள் அவன் கைக்குழந்தை வீறிட்டது. யூதர் சடங்குகளுக்கு அந்நிய ராஜா போட்ட தடையை மீறி, நுனித்தோல் நீக்கி விருத்தசேதனம் செய்த பிள்ளை. அகப்பட்டால் பிள்ளையோடு தாயையும் கொன்றுபோடுவார்கள்.

மனைவி சிபியா பிள்ளையை மார்போடு அணைத்தபடி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, உங்க பக்திக்கு நாங்க ரெண்டு பேரும் சாகணுமா?"

கீழே தலைக்கவசங்கள் பளபளத்தன. மல்கியா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைக்கு அகப்பட்ட பாறாங்கல்லைத் தள்ளிவிட்டான். முன்னால் வந்த சிப்பாய் பின்னால் வந்தவர்களையும் இழுத்துக்கொண்டு உருண்டான்.

"டேய், மல்கியா அண்ணனே கல்லைத் தள்ளிட்டாரு!" என்று கலகக்காரன் ஒருவன் கத்தினான்.

"அவரே செஞ்சா அப்புறம் என்னடா பாவம்? தூக்குங்கடா!"

மலை முழுக்கக் கல்மாரி. கொஞ்ச நேரத்தில் படை வந்த வழியே ஓடியது.

எல்லோரும் மல்கியாவைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்நாத்தான் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "எந்தச் சட்டத்தை வச்சு இதை அனுமதிச்சே? சொல்லுய்யா, மத்த குகைகளுக்கும் சொல்லி அனுப்பறேன்."

மல்கியா தொண்டையைச் செருமினான். கம்பீரமாக ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தான். சிபியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டமாவது ஒண்ணாவது! இந்தக் குகைக்குப் பின்வாசல் மட்டும் இருந்திருந்தா, இவங்க ரெண்டு பேரையும் தூக்கிக்கிட்டு எப்பவோ ஓடியிருப்பேன், அண்ணே."