துண்டுக்குள் ஐந்து விரல்

என் வலது கைக்கு அன்று சந்தையில் விழுந்த விலை பத்தாயிரம், மாட்டுத் தரகனுக்குக் கைதானே வாய், துண்டை மூடி அதற்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசுகிறோம், ஐந்தையும் பிடித்தால் ஐம்பதாயிரம், நான்கைப் பிடித்தால் நாற்பது, சென்னிமலையண்ணன் தன் காளை ஜோடியை என்னை நம்பி விட்டிருக்கிறார், வாங்க வந்த வியாபாரியின் ஐந்து விரலையும் சேர்த்து அழுத்துகிறேன், தலையாட்டுகிறார், துண்டை எடுத்ததும் நாற்பதை நீட்டுகிறார், ஐம்பதுங்க என்கிறேன், நாலைத்தானே புடிச்சீங்க என்கிறார், துண்டை எடுத்தபின் வாங்குகிறவர் சொன்னதே விலை, அதுதான் சந்தை வழக்கம், காளைகள் வண்டியேறிப் போயின.

மகள் இங்கிலீஷ் பாடத்தோடு வந்து உட்காருகிறாள், அப்பா, அக்யூஸ், பிளேம், ரெண்டும் குத்தம் சொல்றதுதானாம், ஒண்ணு மூஞ்சிக்கு நேரா சொல்றது, இன்னொண்ணு மனசுக்குள்ளயே நம்ம தலையில கட்டிடறதாம், புரியுதா, எனக்குப் புரியாமலா கண்ணு, ரெண்டையும் பட்டவனல்லவா, வியாபாரியிடம் பங்கு வாங்கிக்கொண்டேன் என்று சந்தையில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இல்லை என்றிருப்பேன், வாங்க மாமா என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள், வீட்டில் எல்லோரையும் விசாரித்தார்கள், டீ கிடைத்தது, கை கிடைக்கவில்லை, நான் துண்டை விரித்தால் அத்தனை பேருக்கும் எங்கேயோ அவசர வேலை, இனிமேல் சந்தைக்கு வேடிக்கை பார்க்கத்தான் வரவேண்டும் போலிருக்கிறது என்று நிற்கையில், புழுதிக்குள்ளிருந்து வருகிறார் சென்னிமலையண்ணன், இன்றைக்கும் கனவில் அப்படியேதான் வருவார், அத்தனை பேர் நடுவில் கேட்கிறார், ஏப்பா, என் பத்தாயிரத்தைத் தின்னுபோட்டயா, சந்தையே திரும்புகிறது, எனக்கோ அப்போதுதான் மூச்சு வருகிறது, இல்லீங்கண்ணா, அப்ப எங்கையப் புடி, அன்னிக்குப் புடிச்சாப்பலயே அம்பதுன்னு புடி, துண்டுக்குள் பலமெல்லாம் கூட்டிப் பிடிக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு, நாலுதாண்டா வருது என்கிறார், மறுபடி புடி, அப்போதும் நாலு, துண்டை உதறி எடுத்தால், அந்த விற்பனைக்கு முந்தைய மாதம் மாட்டுக் கயிறு இழுத்து வீங்கி வற்றிய என் கட்டைவிரல், மடக்கிவிட்டதாகவே நான் நினைத்திருந்த விரல், அவருடைய ஐந்தாம் விரலைச் சேர்த்துப் பிடிக்காமல் தனியே நட்டுக்கொண்டு நிற்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகாம ஆருக்குடா மிச்சம் புடிச்சே, தப்பு உன் வெரல்லதான், உம்மேல இல்ல, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைதார், எவ்வளவு இனிப்பான வசவு, பிறகு கொண்டுவந்திருந்த கிடாரியின் கயிற்றை நீட்டி, இதையும் நீயே வித்துக் குடு, இடது கையில பேசு என்றார், விரித்த துண்டுக்குள் முதல் கை வந்து நுழைந்தது, வெதுவெதுப்பாக, வியர்வையோடு.

பத்தாயிரத்தை என் தரகில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டார், அது நேராகிவிட்டது, வாயைத் திறந்து கேட்டாரே ஒரு கேள்வி, அதற்கு நான் பட்ட கடன் மட்டும் இன்னும் பாக்கி.