பெண் பார்க்க வந்த கேரவன்

பெண் பார்க்க வருகிறவர்கள் காரில் வருவார்கள், வேனில் வருவார்கள், வசதி இல்லாதவர்கள் பஸ்ஸில் வந்து ஆட்டோ பிடிப்பார்கள். ரஞ்சித்குமார் கேரவனில் வந்தான். கட்டில், ஏசி, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. சுற்றுலா வருகிறவர்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும் வாடகைக்கு விடுகிற மாமல்லபுரத்துக் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தமானது. ரஞ்சித்குமார் அதற்கு டிரைவர், அவ்வளவுதான். ஆனால் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவுக்குள் அதை நுழைத்து, யார் வீட்டுக் கூரையையும் உரசாமல் கொண்டுவந்து நிறுத்தியதும், தெருவே அவனை முதலாளியாகப் பார்த்தது. எதிர்வீட்டுப் பெண்கள் உள்ளே ஏறி கக்கூஸைத் திறந்து பார்த்துவிட்டு இறங்கினார்கள்.

பிரபாவின் அப்பா வெங்கடேசனுக்கு வாயெல்லாம் பல். அவர் கவலை அவருக்கு. மகளுக்கு முப்பது நெருங்கிவிட்டது. கேளம்பாக்கத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். நாள் பூராவும் ரத்தம், சளி, மலம், மூத்திரம். இதைக் கேட்டதும் ஏற்கெனவே நாலு இடத்துக்காரர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார்கள். 'வேலைதானே, பாக்கட்டும்' என்று சொன்ன ஒரே இடம் இதுதான். இதுவும் தட்டிப் போனால் தரகர் இந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்.

"இன்னிக்கே பூ வெச்சிட்டுத்தான் போவணும் அவங்க" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். பெண் பிடித்திருந்தால் பையனைப் பெற்றவள் பெண்ணின் தலையில் பூ வைப்பாள். வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்கினால் ஊர் சிரிக்கும்.

பிரபா ஜன்னல் வழியாக முதலில் பார்த்தது வண்டியின் மூஞ்சியைத்தான். முந்தின நாள் மழை விட்ட சாயங்காலம், மதுராந்தகம் ஏரிக்கரை வழியாக அவன் வீட்டுக்கு ஓட்டி வந்திருக்கிறான். கம்பெனி கொடுத்த விளக்கு போதாதென்று முகப்பில் இவனாக இரண்டு எல்இடி பட்டை வேறு மாட்டியிருந்தான். விடுமா ஈசல்? ஏரிக்கரையில் பறந்தது மொத்தமும் வந்து அப்பிக்கொண்டது. வெள்ளை வண்டி கண்ணாடிக்குக் கீழே பழுப்பாக, சொரசொரவென்று, சிரங்கு பிடித்த மாதிரி இருந்தது. ராத்திரி முழுக்கக் காய்ந்து, காலை வெயிலில் மறுபடி வெந்து, அதன்மேல் இப்போது ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

ஆள் மோசமில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து கலகலவென்று பேசினான். அம்மா விஜயகுமாரியும் அக்காளும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். பிரபாவிடம் நேராகவே கேட்டான்.

"லேப்ல எந்நேரமும் நின்னுகினே இருக்கணுமா? கால் வலிக்காது?"

அவளிடம் இதுவரை எந்த மாப்பிள்ளையும் காலைப் பற்றிக் கேட்டதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனசு பாதிக்கு மேல் இறங்கிவிட்டது.

அப்போது அவனுக்குப் போன் வந்தது. கம்பெனியிலிருந்து. மூணு மணிக்கு வண்டி மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் நிற்க வேண்டுமாம், ஒரு குடும்பம் ஏறுகிறதாம், வண்டி பளபளவென்று இருக்க வேண்டுமாம்.

"மா, மூஞ்சி கயுவணுமே" என்றான் ரஞ்சித்குமார்.

அவ்வளவுதான் சொன்னான். விஜயகுமாரி அம்மாள் எழுந்து பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். கைப்பையிலிருந்து ஒரு பழைய துண்டும் நாலு ஷாம்பூ பாக்கெட்டும் வெளியே வந்தன. பெண் பார்க்கக் கிளம்பும்போதே எடுத்து வைத்திருக்கிறாள்.

"பிரபா, பக்கெட்ல தண்ணி கொண்டாந்து குடு" என்றார் வெங்கடேசன்.

பிரபா தூக்கிக்கொண்டு போனாள். காய்ந்தது காய்ந்தபடியே கிடந்திருந்தால்கூடத் தேவலை. தண்ணீர் பட்டதும் அத்தனையும் ஊறிக் குழைந்தது. இறக்கையெல்லாம் கூழில் மிதந்தது. உடம்பிலிருந்து மஞ்சளாக ஒரு கொழுப்பு கசிந்து, துண்டு போகிற பக்கமெல்லாம் கூடவே இழுபட்டது. அதிலிருந்து கிளம்பிய நாற்றம், மீன் குடலைக் கெட்ட எண்ணெயில் போட்டு வதக்கினால் வருகிற நாற்றம். தெருக்காரிகள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு அவரவர் வாசலுக்குப் போய்விட்டார்கள்.

துண்டுக்கு வராதது நிறைய இருந்தது. பிரபாவின் அம்மா உள்ளேயிருந்து தேங்காய் நாரைக் கொண்டுவந்து நீட்டினாள். பையன் பதறிப்போனான்.

"ஐயே, நாரு போடாதம்மா! கோடு வுழுந்தா ஓனர் என் தோல உரிச்சிடுவான். நகத்தால எடு. நகம்னா பெயிண்ட்டுக்கு ஒண்ணும் ஆவாது."

பெயிண்ட்டுக்கு ஒன்றும் ஆகாதுதான். விஜயகுமாரி அம்மாள் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள். பெயர்த்ததை விரலில் உருட்டி பக்கெட் தண்ணீரில் உதறினாள். நகக்கண்ணில் கறுப்பாக அடைத்துக்கொண்டது. பிரபா உள்ளே ஓடிப்போய்த் தன் லேப் பையிலிருந்து ஒரு ஜோடி கையுறை கொண்டுவந்தாள்.

"இத போட்டுக்கங்கம்மா."

"போட்டுகினா நகம் எப்பிடிம்மா வெளிய வரும்?" என்று அந்த அம்மாள் சிரித்தாள். நியாயமான கேள்விதான். பிரபா கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"குடுங்க, நானும் கொஞ்சம் எடுக்கறேன்."

"நீ நவுரும்மா. பட்டுப்பொடவ பாழாவும்." அந்த அம்மாள் கட்டியிருந்ததும் பட்டுதான்.

ரஞ்சித்குமார் பத்தடி தள்ளி வேப்பமர நிழலில் நின்றிருந்தான். மூக்கில் கைக்குட்டை. அங்கிருந்தே மேற்பார்வை நடந்தது.

"கீழ லைட்டாண்ட பாரும்மா. ஜல்லிக்குள்ள ஒரு தட்டாம்பூச்சி மண்ட மாட்டிகினு கீது. கண்ணு ரெண்டும் முயிச்சினு... உவ்வே!"

உண்மையாகவே அவனுக்கு ஓங்கரித்தது. திரும்பிக்கொண்டு மரத்தடியில் துப்பினான். அம்மா முகப்புக் கம்பி ஜல்லிக்குள் விரலை விட்டுத் தட்டானின் தலையைக் கிள்ளி எடுத்தாள்.

"அவனுக்கு ஆவாதும்மா" என்றாள் பிரபாவிடம், ஏதோ பெருமையைச் சொல்வது போல. "சின்ன வயசுலேர்ந்தே அப்பிடித்தான். ஒரு கரப்பான பாத்தாக்கூட அன்னிக்குச் சோறு எறங்காது. நான்தான் தெனம் ராவுல வண்டி வந்ததும் தொடச்சிக் குடுக்கறது. நேத்து ஒடம்பு முடியல, படுத்துட்டேன். அதான் இப்பிடி காஞ்சி போச்சி."

"உங்களுக்குக் கொமட்டலையாம்மா?"

"எனக்கின்னா."

சொல்லிவிட்டுக் குனிந்து, வண்டிச் சக்கரத்தின் மறைவில், மகனுக்குத் தெரியாமல் அவள் வாந்தி எடுத்தாள். சத்தமே இல்லை. காலையில் குடித்த காபி மட்டும் வந்தது. முழங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி நகத்தை வைத்தாள். எத்தனை வருஷப் பழக்கமோ.

பிரபாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பூச்சியாலா என்று கேட்டால் இல்லை. இதைவிட மோசமானதை எல்லாம் அவள் தினம் பார்க்கிறாள். நிழலில் நின்று 'அங்க ஒண்ணு வுட்டுட்ட பாரு' என்று கை நீட்டுகிற அந்தக் கை, சட்டைக் கையில் மடிப்புக் கலையாத அந்தக் கை, அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. ஆனாலும் மனசைத் தேற்றிக்கொண்டாள். குடிக்கமாட்டான், சிகரெட் இல்லை, சிரித்துப் பேசுகிறான். பூச்சி பார்த்தால் ஆகாது என்பதெல்லாம் ஒரு குறையா? அப்பா கூடத்தில் பூத்தட்டை எடுத்து வைத்துவிட்டார்.

வண்டி பளபளத்தது. விஜயகுமாரி அம்மாள் பின்கட்டில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அப்புறம் எலுமிச்சம்பழத் தோலைக் கேட்டு வாங்கித் தேய்த்தாள். அப்போதும் விரலை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தாள். உள்ளே கேசரியும் பஜ்ஜியும் வந்தன. அவள் தட்டைத் தொடவில்லை. மகன் தன் தட்டை முடித்துவிட்டு அம்மாவின் தட்டையும் இழுத்துக்கொண்டான்.

"எங்களுக்குப் புடிச்சிருக்குங்க" என்றாள் அக்காள். வெங்கடேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரபாவை மனையில் உட்கார வைத்தார்கள். தெருப்பெண்கள் வாசலில் வந்து கூடிவிட்டார்கள். விஜயகுமாரி அம்மாள் எழுந்து, தட்டிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஒரே மகனுக்குப் பெண் தலையில் பூ வைக்கிற நாளுக்காக அவள் எவ்வளவு காலமாகக் காத்திருந்தாளோ.

"நீ வெக்காதம்மா" என்றான் ரஞ்சித்குமார். "உன் கை நாறுது. பூவே நாறிடும். அக்கா, நீ வை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வேடிக்கை என்று நினைத்து இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். விஜயகுமாரி அம்மாளும் சிரித்தாள். "ஆமாமா, நாறுது" என்று சரத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு சுவரோரம் தள்ளி நின்றாள்.

அக்காள் பூவோடு குனிந்தபோது பிரபா தலையை விலக்கிக்கொண்டாள்.

"வேணாம்."

"இன்னாடி வேணாம்?" என்றார் வெங்கடேசன்.

"இந்த மாப்பிள்ள வேணாம் நைனா."

வெங்கடேசன் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிரபாவுக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மாப்பிள்ளை முதலில் நம்பவில்லை, அப்புறம் எழுந்தான்.

"தெருவெல்லாம் கூட்டி வெச்சி அசிங்கப்படுத்தறியா? வாக்கா, போலாம்" என்று விறுவிறுவென்று போய் வண்டியைக் கிளப்பினான். அக்காள் பின்னாலேயே ஓடினாள். விஜயகுமாரி அம்மாள் மட்டும் போகவில்லை. நேராகப் பிரபாவிடம் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எம் புள்ள இன்னாடி தப்பு பண்ணான்? நாறிச்சி, நாறுதுன்னான். என் கையத்தான சொன்னான்? உனக்கு எங்க வலிக்குது?"

அவள் விரலை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அந்த விரல் பிரபாவின் மூக்குக்கு நேரே வந்தது. எலுமிச்சையையும் மீறி அடித்தது.

"நாளைக்கு என் கையச் சொல்லுவாரேம்மா" என்றாள் பிரபா.

வெளியே ஹாரன் அடித்தது. விஜயகுமாரி அம்மாள் விரலை மடக்கிக்கொண்டாள். வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லுவான்" என்றாள், பிரபாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய் வண்டியில் ஏறினாள்.