வாங்க என்று சொல்லிவிட்டது வாய்

ஒரு கால் படியில், ஒரு கால் தெருவில், கையில் மாதுளம்பழப் பையோடு மாப்பிள்ளை மாரிச்செல்வம் நிற்கிறான், வாங்க மாப்பிள்ளை என்று என் வாய் சொல்லி முடித்துவிட்டது, நானா சொன்னேன், வாய்தான் சொன்னது, வாசலுக்கு வந்த மாப்பிள்ளையை வாங்க சொல்லாமல் நிறுத்திவைத்த வழக்கம் எங்கள் வகையறாவில் கிடையாது, வெட்டுப்பழி என்றாலும் முதலில் வாங்க, அப்புறம்தான் வழக்கு, கோயில்பட்டி மண்டபத்து வாசலில் மாலையைப் போட்டு இவனுக்குச் சொன்னதும் இதே வாங்கதான், அன்றைக்குப் பின்னால் மேளச் சத்தம், இன்றைக்குக் கதவுக்குப் பின்னால் என் மகள் கோமதி, மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை, கண்ணுக்குள் அவள் இப்போதுதான் வருகிறாள், இவன் வீட்டை விட்டு வந்த அந்த நாளைப் போலவே, மொட்டை வெயிலில், காலில் செருப்பில்லாமல், இடது கை தொங்க, பஸ்ஸில் யாரோ ஒரு புண்ணியவதி முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டிருக்கிறாள், என்ன தாயி என்றால், ஒண்ணுமில்லப்பா, பசிக்கி என்கிறாள், பழைய சோற்றை வலது கையால் அள்ளி அள்ளித் தின்கிறாள், சட்டியை யாரோ பிடுங்க வருகிற மாதிரி வாசலைப் பார்த்துப் பார்த்துத் தின்கிறாள்.

கோர்ட்டில் உத்தரவு வாங்கிக் கொடுத்த பாதுகாப்பு அலுவலர் அம்மா எனக்கு விளங்கச் சொன்னாள், பெரியவரே, இது விவாகரத்தும் இல்ல, ஜெயிலும் இல்ல, அவரு இந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாது, கோமதி வேல பாக்குற தையல் கம்பெனிக்கு வரக்கூடாது, போன் பண்ணக்கூடாது, ஆள் விட்டுப் பேசக்கூடாது, மீறினாத்தான் குத்தம், அப்ப போலீஸ் வரும். எனக்குச் சிரிப்பு வந்தது, கையை முறிக்கிறவன் காயிதத்துக்கு நிப்பானாம்மா, ரேஷன் கடையில சீனி இல்லன்னு ஒட்டுறதும் காயிதந்தான். அந்தம்மா விடவில்லை, நீங்களே உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிட்டு அப்புறம் எங்கிட்ட வந்து காயிதத்தத் திட்டாதீங்க என்றாள், கோமதி சிரித்துவிட்டாள், எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தப் பல்வரிசையைப் பார்த்தேன், அதையே நினைத்துக்கொண்டிருக்கும்போது இங்கே படியில் இவன் சிரிக்கிறான், மாமாவே கூப்பிட்டாச்சு, பெறகென்ன கோர்ட்டு, ஏ கோமதி, வெளிய வா, பழம் வாங்கியாந்திருக்கேன் என்கிறான், என்ன பதவிசான குரல், பெண் கேட்டு வந்தபோது நான் மயங்கிய குரல், தெருவில் இருந்த கால் எழும்புகிறது, உள்ளேயிருந்து அவள், ஏம்ப்பா கூப்பிட்டீங்க என்கிறாள், கோபம்கூட இல்லை அதில், கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நிலைப்படியில் குந்தினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள், குந்தினேன், இந்த வயசில் அவனைப் பிடித்துத் தள்ளவா முடியும், இந்தப் பக்க நிலையில் முதுகைக் கொடுத்து அந்தப் பக்க நிலைக்குக் காலை நீட்டினேன், என்னைத் தாண்டித்தான் போகவேண்டும், அந்தம்மாவுக்குப் போனப் போடு தாயி என்றேன். என்ன மாமா, கூப்பிட்டுட்டு வழிய மறிக்கிய, மரியாதையா இருக்கா என்றான். மாப்பிள்ளை என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது, விழுங்கினேன், நான் சொன்னாலும் சொல்லாட்டாலும் நீ இங்க வரப்படாது, எறங்குலே என்றேன், உள்ளே கோமதி போனில் தன் பேரையும் தெருப் பேரையும் தடுமாறாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவனும் கேட்கிறான், சிரிப்பு கழன்று போகிறது, ஒரு கால் இறங்குகிறது, மற்றதும் இறங்குகிறது, இரண்டு காலும் தெருவில்.