கூரையைத் தொட்ட புல்போர்

பெண் பார்க்க வருகிற பால்காரர்கள் வாசலில் கால் வைத்ததும் முதலில் பார்ப்பது புல்போரைத்தான். அதனால், பூ எடுக்குமுன்னே மார்கழியில் அறுத்திருக்க வேண்டிய புல்லை, போர் உயர்ந்து தெரியட்டும் என்று தை முடியும்வரை விட்டுவைத்தான் அடையாற்று முனிரத்தினம். புல் விதை உதிர்ந்து விறகாய் விறைத்தது. போர் என்னவோ கூரையைத் தொட்டது. மாடு ஒரு வாய் மென்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது, பாலும் பாதியாகிவிட்டது.

"சத்தெல்லாம் பூட்ச்சி. இது அடுப்பெரிக்கத்தான் ஆவும்," என்று எரிந்துவிழுந்தாள் அவன் மனைவி கங்கம்மா.

"மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டுப் போறவரிக்கும் நீ வாயத் தொறக்காத!"

மாம்பலத்துச் சம்பந்தி பெண்ணைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. போரையே சுற்றிச் சுற்றி வந்தார். உடனே தட்டு மாற்றினார்கள். முனிரத்தினத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சம்பந்தி வெற்றிலையை மென்றபடி அவன் தோளில் கை போட்டார். "எங்க பக்கம் புல்லுத் தரையெல்லாம் பங்களாவாயிட்ச்சி, சம்பந்தி. நம்ம கறவை எருமைங்க நாலையும் நாளைக்கே இங்க ஓட்டியாந்துடறேன். கல்யாணம் வரிக்கும் உன் போரையே தின்னட்டும். இன்னா சொல்ற?"

முனிரத்தினம், ஏதாவது சொல்லித் தொலையேன் என்று கங்கம்மாவைப் பார்த்தான்.

அவள் அன்றைக்கென்று புருஷன் பேச்சைத் தட்டாமல், வாயைத் திறக்காமல் நின்றாள்.