துடைப்பச்சுழிக் குதிரை

1.

இந்தக் கதை எனக்கு ஒரு டீக்கடை வாசலில் கிடைத்தது. நாமக்கல்லில் இருந்து துறையூர் போகிற சாலையில், எருமப்பட்டி தாண்டி வண்டியை நிறுத்தியிருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் செவலை நிறப் பெண்குதிரை ஒன்றைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு போனார். அன்றைய முட்டை விலையை அதனிடம் சொல்லிக்கொண்டே போனார். நான் பார்த்தது அவ்வளவுதான். பெயர், மகள், சுழி எல்லாம் நான் கட்டியவை. புளுகு வேண்டாம் என்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், டீ நன்றாக இருக்கும்.

2.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: "ஆதியில், பரந்த புல்வெளியில், மனிதன் குதிரையைக் கண்டபோது..."

(தொடங்கும்போதே வாக்கியத்துக்குத் தொப்பை விழுந்துவிட்டது. விட்டுவிட்டேன்.)

ஆனால் கேள்வி என்னை விடவில்லை. மனிதன் குதிரையை முதலில் வேட்டையாடித் தின்றான் என்கிறார்கள். தின்னக் கொண்டுவந்ததை எவனோ ஒருவன் ஒருநாள் தின்னாமல் விட்டிருக்க வேண்டும். அன்று அவனுக்குப் பசியைவிடப் பேச்சுத்துணை பெரிதாகத் தோன்றியிருக்கும் என்பது என் ஊகம். பந்தயமும் அப்படித்தான் வந்திருக்கும். குதிரை வைத்திருந்த இரண்டு தனிக்கட்டைகள் எதிரெதிரே வந்து, என்ன பேசுவதென்று தெரியாமல், "உன்னுது ஓடுமா?" என்று ஒருவன் ஆரம்பித்திருப்பான். ஆதாரம் கேட்காதீர்கள்.

3.

அவர் பெயர் குணசீலன், கோழிப்பண்ணைக்காரர். மனைவி சௌந்திரம் காலமாகிவிட்டார். ஒரே மகள் யுவஸ்ரீ ஆத்தூரில் அரிசி ஆலைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பண்ணையில் கோழிகள் காது கிழியக் கத்தினாலும் வீட்டுக்குள் பேச ஆளில்லை. டிவியைப் பார்க்காவிட்டாலும் ஓட விடுவார்.

(இங்கே அவர் அழுவதாக ஒரு பத்தி இருந்தது. நம்பும்படி இல்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் அழ வேண்டிய நேரத்தில் மோட்டாரைக் கழற்றி மாட்டுவார்கள்.)

பொழுது போகாமல் ஓர் ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போனார். வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், குளம்பைப் பார்ப்பார்கள், கடைசியில் மயிர் சுழித்திருக்கும் இடங்களைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வார்கள். அந்தச் செவலையை எல்லாரும் ஆசையாகத் தட்டிக் கொடுத்துவிட்டு, சுழியைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டார்கள். தரகர் அப்புசாமி ஒளிக்காமல் சொன்னார். அது துடைப்பச்சுழி, வீட்டில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூட்டி வெளியே தள்ளிவிடும்.

"எங்கூட்டுல கூட்டறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லீங்க," என்றார் குணசீலன். "கயித்தக் குடுங்க."

4.

ஆசை அன்றே வந்துவிடவில்லை. பழக்கிய பிறகு ஒரு கோயில் நோம்பி ரேக்ளாப் பந்தயத்தில் செவலையை வண்டியில் பூட்டி ஓட்டினார். ரோட்டின் இரண்டு பக்கமும் சனம். கொஞ்ச தூரத்தில் சனமும் மறைந்து, முன்னே நிமிர்ந்திருந்த இரண்டு காதுகள் மட்டும் அவருக்குத் தெரிந்தன. தன் தொண்டையிலிருந்து கிளம்பிய கூச்சல் அவருக்கே புதிதாக இருந்தது. அவ்வளவு சத்தமாக ஒரு உயிரைக் கூப்பிட்டுப் பல காலம் ஆகியிருந்தது. மூன்றாவதாக வந்தார்கள். நுரை தள்ளிய கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வந்துட்டோம் சாமி," என்றார். யுவஸ்ரீயை மட்டும்தான் அதுவரை அப்படிக் கூப்பிட்டிருந்தார்.

5.

இப்போது யுவஸ்ரீ மாசமாக இருக்கிறாள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கட்டுச்சோறு கட்டிப்போய் அழைத்துவந்தால், பிரசவம் முடியும்வரை அப்பன் வீட்டில்தான் இருப்பாள். கூட இருந்து பார்த்துக்கொள்ள ராசிபுரத்துத் தங்கச்சியும் சம்மதித்துவிட்டார். குணசீலன் ஒட்டடை அடித்தார். தொட்டிலுக்குக் கொக்கி மாட்டினார். அந்த நேரம் பார்த்து, சம்பந்தியம்மா உஷாராணியின் காதுக்குச் சுழிச் சேதி போனது. அந்தக் குதிரை நிற்கிற வாசலில் மருமகளை இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். பாவம், இந்தக் குதிரை ஒன்றுமே செய்யவில்லை.

மகள் போனில் கேட்டாள். "நீங்க அதையெல்லாம் நம்பறீங்களாப்பா?"

"நம்பியிருந்தா வாங்கியிருப்பனா சாமி?"

"அப்பறம் என்னுங்க, வித்துப்போடுங்க. நான் நம்மூட்டுக்கு வரோணும்."

கட்டிக்கொடுத்த மகளை வீட்டுக் கணக்கில் சேர்க்காமல் விட்டதுதான் குணசீலன் செய்த பிழை. நம் ஊர் அப்பன்கள் எல்லாரும் போடுகிற கணக்குத்தான் அது. பந்தல் பிரித்த அன்றே, அவள் இனி அடுத்த வீட்டுப் பெண் என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள். 'நம்மூடு' என்று அவள் சொன்னதும்தான் அவர் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டார்.

6.

முடிவு ஒன்று: சுழியை மறைத்து வெளியூர் வியாபாரி ஒருவரிடம் விற்கிறார். வீடு நிறைகிறது. பேரன் வீறிட்டு அழுகிறான்.

(நம்பாதவர் எதற்கு மறைக்கிறார்? அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: விற்கவில்லை. ஆத்தூரில் பிறந்த பேத்தியை வீடியோ காலில் பார்க்கிறார். போனைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் செவலையிடமும் காட்டி, "இங்க பாரு சாமி, நம்ம...

(இதற்கு மேல் எழுத என்னால் ஆகவில்லை.)

7.

ஆகவே ஆடிச் சந்தை கூடியதும் அவரை அந்தியூருக்கே திருப்பி அனுப்பினேன். சுழியைத் தானே தொட்டுக் காட்டினார். தன் வீடு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம், அடுத்தவன் வீட்டை வைத்து விளையாட அவருக்கு மனம் வரவில்லை. வந்தவர்களிடம், "உங்கூட்டுல எத்தன பேருங்க?" என்று மட்டும் கேட்டார். புதுப் பெண்டாட்டியோடு வந்தவனுக்குத் தரவில்லை. அண்ணன் தம்பிகள் ஒன்றாக இருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னவருக்கும் தரவில்லை. சந்தை கலையத் தொடங்கிவிட்டது. ஆவணிக்கு அதிக நாளில்லை.

அப்போது ஓரமாக நின்ற என்னைப் பார்த்துவிட்டார். எழுதுகிறவனுக்குச் சந்தைக்குள் வேலையில்லைதான். என்னிடமும் கேட்டார்.

சேலம் அம்மாபேட்டையில், என் வீட்டில் நான் ஒருவன்தான். தெருவில் தறிச் சத்தம் நின்றுவிட்டால் பிறகு என் மூச்சுதான் கேட்கும். அதைச் சொல்லியிருந்தால் கயிற்றை என் கையில் கொடுத்திருப்பார், யுவஸ்ரீ வந்து இறங்கியிருப்பாள், கதையும் முடிந்திருக்கும். ஒற்றை ஆள் என்று இன்னொருவர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"நாலு பேருங்க," என்றேன்.

நல்லா இருங்க என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். இப்போது செவலையைப் பிடித்துக்கொண்டு உங்கள் பக்கம்தான் வருகிறார். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.