சிவகுமார் பேரில் ஒரு மூச்சு

மேஸ்திரி ஜோதிலிங்கத்துக்கு நான் தர வேண்டியது பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். அவர் நாற்காலி பக்கத்தில் கிடக்கும் கறுப்பு கிரானைட் துண்டில் சாக்கட்டியால் எழுதிவைத்திருந்தார். அது அழியாமல் நான் வேறு சைட்டுக்குப் போக முடியாது. ராத்திரி வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகிய பிறகு, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண் தானாகவே அதைப் படித்துவிடும்.

டெல்லி ஆர்.கே.புரத்தில் பழைய குவார்ட்டர்ஸை இடித்துக் கட்டும் வேலை. எங்களுக்குக் கல் வெட்டுவது. தண்ணீர் விடாமல் வெட்டினால் கல் சீக்கிரம் முடியும். மத்தியானத்துக்குள் இமை, மீசை, சோற்றுத் தூக்கு எல்லாம் கல் தூசியில் வெள்ளை.

கல் தூசி நெஞ்சை என்ன செய்கிறது என்று பார்க்க மேதா என்ற ஆராய்ச்சிப் பெண் வந்தாள். டெல்லியில் பிறந்த தமிழ்ப் பெண். எல்லாரையும் சோதிக்க நேரமில்லை. பேர்களைச் சீட்டில் எழுதி ஹெல்மெட்டில் குலுக்கி, பேர் வருகிறவர்களை மட்டும் பார்த்தால் மற்றவர்கள் நிலையும் தெரிந்துவிடும் என்றாள். வயது, பீடி, கல் வெட்டிய வருஷம் என்று ஆளுக்கு ஆள் மாறுகிறதையெல்லாம் கேட்டுக்கொள்வாள். பிறகு மூச்சை அளக்கும் மெஷின் குழாயில் ஊத வேண்டும்.

முதல் சீட்டே என் மச்சான் சிவகுமார். பதினோரு வருஷம் கல் வெட்டியவன். இப்போது மாடி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறான். அன்று ரூமில் படுத்திருந்தான்.

மேஸ்திரி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். அந்தச் சோத்த நாமதான் பாத்துக் குடுக்கணும். அவன் ஊதினா வேலைய நிறுத்திடுவாங்க. நீ இருமி நான் பாத்ததில்ல. சிவகுமாருன்னு சொல்லி ஊதிட்டு வா. உன் கணக்க அழிச்சிடறேன்."

"மாட்டிக்கிட்டா, அண்ணே?"

"எல்லா மூஞ்சியும் வெள்ளையாத்தான கெடக்குது. யாருக்குத் தெரியப்போவுது?"

சிவகுமாரின் வயதையும் வருஷத்தையும் சொன்னேன். நெஞ்சு நிறைய இழுத்து ஊதினேன். மேதா இன்னொரு முறை ஊதச் சொன்னாள். மறுபடியும். பிறகு வேறு குழாய் மாட்டித் தானே ஊதிப் பார்த்தாள். மெஷினில் கோளாறில்லை.

"பதினோரு வருஷம் இல்லையா, சிவகுமார் பையா," என்று இந்தியில் அண்ணன் முறை வைத்து மெதுவாகச் சொன்னாள். "அவ்வளவு நாள் வெட்டினவங்களுக்கு இப்படித்தான் வருது. ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஜல்தி."

நான் கல் வெட்ட வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது.

சொல்ல வாய் திறந்தேன். கல் துண்டுக்குப் பக்கத்தில் மேஸ்திரி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்துவிட்டேன்.

சாயங்காலம் கூப்பிட்டார். என்ன வந்தது என்று கேட்கவில்லை. கல் துண்டின் மேல் தூசி படிந்து எழுத்தெல்லாம் மறைந்திருந்தது.

"உன் கணக்கு எங்கடா? ஊது, பாப்போம்."

குனிந்து ஊதினேன். முதலில் இருந்த ஒன்று என்ற எண் மட்டும் தெரிந்தது. மற்ற எண்கள் தூசிக்கு அடியிலேயே கிடந்தன. மேஸ்திரி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் கணக்கையும் தூசியையும் சேர்த்து வழித்து, கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார்.